விழப் பழகிய பெட்டிகள்

போர் தொடங்கி ஐந்தாவது மாதம். பருத்திக்கோட்டை ரயில் நிலையத்தின் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்திருந்த ஆவுடையம்மாளின் முன்னால் ஒருவன் வந்து நின்றான். எந்த ஊருக்கு என்று சொல்லவில்லை.

"மேடம், நீங்க இன்னும் டைவ் அடிப்பீங்களா?" என்று கேட்டான்.

அவளுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. பதினெட்டு வருடங்களுக்கு முன்பு பத்து மீட்டர் மேடையிலிருந்து தண்ணீரில் பாய்வதில் தேசிய அளவில் இரண்டு முறை வெள்ளி வாங்கியவள். ரயில்வே வேலை அந்தப் பதக்கங்களால் வந்ததுதான். ஆனால் அந்தக் கவுன்டருக்கு வருகிறவர்கள் யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. கடற்கரை ஊர்களை விட்டு வெளியேறுகிறவர்கள் நாள் முழுக்க வரிசையில் நின்றார்கள். ஏதாவது ஓர் ஊருக்கு, கடலிலிருந்து தள்ளி இருந்தால் போதும், ஒரு டிக்கெட் கொடுங்கள் என்றார்கள்.

"அடிப்பேன். எதுக்குக் கேக்குறீக?" என்றாள்.

அவன் பெயர் கிளமெண்ட். முப்பத்தைந்து வயதிருக்கும். விமானப்படையின் ஆயுதப் பிரிவில் பொறியாளன். ஊருக்கு வெளியே மூடிக்கிடந்த பொறியியல் கல்லூரியைப் படை எடுத்துக்கொண்டிருந்தது. அதன் எதிரே ஓடும் நான்குவழிச் சாலையைத்தான் விமானங்கள் ஓடுதளமாக வைத்திருந்தன. அந்தக் கல்லூரியைக் கட்டியவருக்குத் தன் மாணவன் ஒருவன் ஒலிம்பிக்கில் தண்ணீரில் பாய வேண்டும் என்று ஒரு ஆசை இருந்தது. பத்து மீட்டர் மேடையோடு பெரிய குளம் ஒன்றைக் கட்டிவைத்தார். மாணவர்கள் வருவது நின்று கல்லூரி மூடப்பட்ட பிறகும் குளம் அப்படியே இருந்தது, வேப்பிலை மிதந்துகொண்டு.

மறுநாள் மதியம் அந்தக் குளத்தங்கரையில் வைத்து கிளமெண்ட் ஒரு பெட்டியை அவள் கையில் கொடுத்தான்.

"சாப்பாட்டு டப்பா மாதிரி இருக்கு" என்றாள் ஆவுடை.

"ஏவுகணையோட மூளை மேடம். லாரி மேல நின்னு தரையிலருந்து மேல போற ஏவுகணை. விமானத்துக்குன்னு வாங்கினதெல்லாம் போன மாசமே தீந்துபோச்சு. புதுசா வர வழியில்ல. அதான், தரையில நிக்கிறதைக் கழட்டி விமானத்துல மாட்டுறோம்."

"மாட்டியாச்சா?"

"மாட்டியாச்சு. அதுக்கு விழத் தெரியல."

அவள் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கத்தில் கண்ணாடிக் கண் ஒன்று இருந்தது. அது அவளைப் பார்த்தது போலவும் இருந்தது, பார்க்காதது போலவும் இருந்தது.

"இறக்கைக்குக் கீழ வெச்சுப் பத்தவெச்சா இறக்கையே கருகிரும். முதல்ல கீழ விடணும். ஒன்றரை விநாடி சும்மா விழணும். அப்புறம்தான் நெருப்பு" என்றான் கிளமெண்ட். "ஆனா இது பொறந்ததுலருந்து தரையில நின்னது. கீழ பிடிமானம் போச்சுன்னதும், லாரி மேல குண்டு விழுந்துருச்சுன்னு நெனச்சுக்குது. பக்கத்துல இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாதுன்னு தன்னைத்தானே அணைச்சுக்குது. அப்படித்தான் அதை வளத்திருக்காங்க."

"மாத்தி எழுத முடியாதா?"

"எழுதினதா இருந்தா மாத்தி எழுதலாம். இது பழகிப் பழகி வளந்தது. பழக்கித்தான் மாத்தணும். ஒண்ணு படிச்சதை இன்னொண்ணுக்குக் குடுக்கவும் முடியாது. இருபத்து நாலு பெட்டி இருக்கு. ஒவ்வொண்ணையும் தனித்தனியாப் பழக்கணும்."

"மேலருந்து தூக்கிப் போட்டுப் பழக்க வேண்டியதுதானே?"

"போட்டோம். ஒவ்வொரு தடவையும் பயந்து செத்துருது. கூட யாராவது விழணும் மேடம். பயப்படாம விழுறவங்க. பாராசூட்காரங்க முதுகுல கட்டிப் பாத்தோம். அவங்க நாடித்துடிப்பு நூத்தி அறுபது. அவங்க பயத்தைத்தான் அது கத்துக்கிச்சு. நீங்க போட்டியில இருந்த காலத்துல விளையாட்டு டாக்டர் ஒருத்தர் எடுத்த கணக்கு கெடச்சுது. பத்து மீட்டர்லருந்து விழும்போது உங்க நாடி எழுபத்திரெண்டு."

ஆவுடை, "நான் கத்துக்குடுத்தா, இது போயி என்ன செய்யும்?" என்று கேட்டாள்.

கிளமெண்ட் மழுப்பவில்லை. "விமானத்தை அடிக்கும். அதுல ஆள் இருப்பாங்க" என்றான்.

அவள் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் துறைமுகத்தில் குண்டு விழுந்தது. அன்று கவுன்டருக்கு வந்த ஒரு பெண்ணின் தலைமுடியில் சாம்பல் இருந்தது. ஆவுடை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். பக்கத்துக் கவுன்டர் ராஜபுஷ்பம், "நீ போ. உன் வரிசையையும் சேத்து நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

முதுகில் இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே பெட்டியைக் கட்டினார்கள். அதன் கண்ணை எடுத்து நெற்றிப் பட்டையில் வைத்தார்கள். மணிக்கட்டில் நாடி பார்க்கும் கம்பி. முப்பத்தாறு படிகள் ஏறி மேடைக்குப் போனாள். மேலே காற்று வேறு விதமாக இருந்தது. தெற்கே காற்றாலைகள் ஒவ்வொன்றும் தன் போக்கில் சுற்றிக்கொண்டிருந்தன. அதற்கப்பால் உழுதுபோட்ட கரிசல், அலை எழும்பி அப்படியே உறைந்துபோன கறுத்த கடல் மாதிரி கிடந்தது. மாதக்கணக்காகப் பயணிகள் விமானம் பறக்காததால் வானத்தில் ஒரு வெள்ளைக் கீறல்கூட இல்லை. குளம்தான் வானத்தைவிட நீலமாக இருந்தது.

குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். யாருமில்லை. கைகளை உயர்த்தினாள்.

விழுவதைக் கரையிலிருந்து பார்க்கிறவர்களுக்குத்தான் அது வேகம். விழுகிறவளுக்கு அப்படியில்லை. கால் மேடையை விட்டதும் சத்தமெல்லாம் நின்றுவிடும். உடம்பின் கனம் யாரோ வாங்கி வைத்துக்கொண்டதுபோல் காணாமல் போகும். வலிக்கிற முழங்கால், ஒழுகுகிற கூரை, வரிசையில் நிற்கிற முகங்கள், எல்லாம் மேடையிலேயே தங்கிவிடும். வானமும் தண்ணீரும் ஒன்றையொன்று மெல்லச் சுற்றி வரும். அவசரமே இல்லாத ஒரு இடம் அது. அந்த இடம் ஒன்றரை விநாடிதான் இருக்கும் என்று ஆவுடைக்குத் தெரியும். உள்ளே இருக்கும்போது அது தெரியாது.

தண்ணீர் திறந்து மூடியது. மேலே வந்தபோது கரையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த கிளமெண்ட் தலையை ஆட்டினான். "செத்துருச்சு."

இரண்டாவது முறையும் செத்தது. நான்காவது முறை பாதி வழி வரை உயிரோடிருந்தது. ஐந்தாவது முறை ஆவுடை தலையை வெளியே நீட்டுவதற்குள் அவன் செருப்போடு குளத்தின் படியில் இறங்கிவிட்டான்.

"அக்கா! உயிரோட இருக்கு! முழுசா விழுந்துருச்சு அக்கா!"

மேடம் என்பது அன்றோடு போனது.

ஒரு பெட்டிக்கு ஏழு தடவை என்று கணக்கானது. ஒரு நாளைக்கு எட்டு முறை, சில நாள் பத்து. மாடசாமி என்ற தோட்டக்காரர் ரப்பர் டியூபில் மிதந்தபடி வலை போட்டு இலை அள்ளுவார். அவர் தண்ணீரில் இருக்கும்போது ஆவுடை மேடையில் நின்று காத்திருப்பாள். அவர் நிதானமாகக் கரையேறிக் கையைக் காட்டிய பிறகுதான் குதிப்பாள். வெயில், தண்ணீர், படி, வானம், மறுபடி தண்ணீர். சாயங்காலம் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதும் இருக்கையோடு சேர்ந்து மெல்ல விழுந்துகொண்டே இருப்பதுபோல் இருக்கும். காதுக்குள் எந்நேரமும் குளம் இருந்தது.

பதினெட்டாம் பெட்டியைப் பழக்கிக்கொண்டிருந்தபோது விமானி ஒருவன் அவளைப் பார்க்க வந்தான். பரஞ்சோதி என்று பெயர். குடியாத்தத்துக்காரன். இருபத்தேழு வயது. கரையில் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, கோயிலுக்குள் வருகிறவன் மாதிரி வந்து நின்றான்.

"உங்களைத்தான் அக்கா இறக்கைக்குக் கீழ தூக்கிட்டுப் போறேன்" என்றான். "நேத்து கடலுக்கு மேல விட்டேன். விழும்போது அது லேசா இடது தோளை இறக்குது. கருவியில பாத்தோம், அதுல எந்தக் கோளாறும் இல்ல. கிளமெண்ட் சார்தான், அது நீங்கன்னு சொன்னாரு."

ஆவுடை வெட்கப்பட்டாள். அந்த இடது தோளுக்காக அவளுடைய பயிற்சியாளர் பத்து வருடம் திட்டியிருக்கிறார். பாதிப் புள்ளியை அதுதான் தின்கிறது என்பார்.

பரஞ்சோதி விமானத்தின் காமிராவில் பதிவானதைக் காட்டினான். நீல வெளியில் வெள்ளையாக ஒன்று இறக்கையை விட்டுப் பிரிந்தது. அவசரப்படாமல் விழுந்தது. இடது பக்கம் சற்றே சரிந்தது. தன்னை முதல் முறையாகத் தூரத்திலிருந்து பார்ப்பதுபோல் இருந்தது ஆவுடைக்கு. இவ்வளவு அழகாகவா விழுகிறேன் என்று ஒரு கணம் மனசு குளிர்ந்தது. பிறகு அதன் பின்புறம் நெருப்பு பிடித்தது. அது ஏறிப் போனது. தூரத்தில் ஒரு பொட்டு சிவந்து, பெரிதாகி, புகையாகிக் கலைந்தது.

"எத்தனை பேரு இருந்தாக அதுல?"

"ஒருத்தர்தான்" என்றான் அவன். திரையை அணைத்துவிட்டான். அன்று அவள் கொண்டுபோயிருந்த எலுமிச்சைச் சோற்றை மாடசாமியிடம் கொடுத்துவிட்டாள்.

இருபத்து நாலாம் பெட்டியோடு குதித்தது ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு. தண்ணீருக்கு அடியில் இருந்தபோது ஒரு சத்தம் கேட்டது. குளத்தின் தரையை யாரோ கீழேயிருந்து உலக்கையால் இடிப்பதுபோல நான்கு முறை. மேலே வந்தபோது எல்லோரும் ஊர் இருந்த திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ரயில்வே காலனியில் குண்டு விழுந்திருந்தது.

சாயங்காலம் கிளமெண்டும் பரஞ்சோதியும் அவளைத் தேடி வந்தார்கள். பரஞ்சோதி பறக்கும் உடையைக்கூட மாற்றவில்லை. படியில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் குண்டு போட்டவன் எனக்கு முன்னாலதான் போனான் அக்கா. ஊர் மேல வரும்போதே பிடிச்சுட்டேன். பொத்தானை அழுத்தினேன். போகல. ரெண்டும் போகல. இறக்கையை விடவே இல்ல. அவன் காலனி மேல போட்டுட்டுத் திரும்பிக் கடல் பக்கம் போனான். கடலுக்கு மேல வந்ததும் ரெண்டும் தயார்னு சொல்லுது. அப்ப அவன் ரொம்ப தூரம் போயிட்டான்."

"ஏன் போகல?" என்று ஆவுடை கிளமெண்டைக் கேட்டாள்.

"பெட்டியில பதிவானதையெல்லாம் பாத்தேன். கீழ வீடுங்க தெரிஞ்சிருக்கு. ஆளுங்க தெரிஞ்சிருக்காங்க. நீங்க குதிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு பாக்குறீங்க. மாடசாமி தண்ணில இருந்தா குதிக்கல. அவர் ஏறுற வரைக்கும் நிக்கிறீங்க. உங்க நெத்தியில இருந்த கண்ணு அதைப் பாத்துக்கிட்டே இருந்துருக்கு. கீழ ஆள் இருந்தா விழக் கூடாதுன்னு எடுத்துக்கிச்சு. எல்லாப் பெட்டியும்."

"பாக்காம எப்படிக் குதிக்கிறது தம்பி?" என்றாள் ஆவுடை. "டைவிங்ல முதல் நாள் சொல்லிக்குடுக்கிறதே அதுதானே."

"தெரியும் அக்கா."

மறுநாள் காலை அவள் காலனிக்குப் போனாள். ஒரு வரிசை வீடுகளின் முன்சுவர்கள் இல்லை. அடுப்பும் கட்டிலும் காலண்டரும் தெருவைப் பார்த்தபடி இருந்தன. ராஜபுஷ்பத்தின் வீட்டுக் கொடியில் சாம்பல் நிறச் சேலை ஒன்று, மறுநாள் வேலைக்கு உடுத்த வேண்டியது, காய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. குண்டு விழுந்த அன்று அவளுக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை என்றார்கள். வீட்டில்தான் இருந்தாளாம். ஆவுடை அந்தச் சேலையை எடுத்து மடித்தாள். யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

அங்கிருந்து நேரே கல்லூரிக்குப் போனாள்.

"என்ன செய்யணும், சொல்லுங்க" என்றாள்.

கிளமெண்ட் சொன்னான். ஆறு பெட்டிகள் ஏற்கெனவே கடலுக்கு மேல் போய்விட்டன. மீதி இருந்த பதினெட்டும் ஊருக்கு மேலே பயன்படாது. திரும்பப் பழக்க வேண்டும். தண்ணீரில் ஆள் இருக்க வேண்டும். அவரைப் பார்க்க வேண்டும். பார்த்தபிறகும் குதிக்க வேண்டும். நாடி ஏறக் கூடாது.

"யாரு தண்ணில இருப்பா?"

"நான்" என்றான் பரஞ்சோதி.

முதல் நாள் அவள் மேடையில் ஒரு மணி நேரம் நின்றாள். கீழே அவன் மல்லாந்து மிதந்தான். அவ்வளவு உயரத்திலிருந்து பார்க்க, தண்ணீர் மேல் யாரோ வரைந்து வைத்த ஆள் மாதிரி இருந்தான். "நூத்தி நாப்பது அக்கா, இறங்கிருங்க" என்று கிளமெண்ட் கரையிலிருந்து கத்தினான். இரண்டாம் நாளும் அப்படியே.

"நான் இங்க இல்லன்னு நெனச்சுக்கங்க அக்கா" என்றான் பரஞ்சோதி.

"அப்படி நெனச்சா இது கண்டுபிடிச்சிரும்" என்று அவள் முதுகைத் தொட்டுக் காட்டினாள். "நீங்க சும்மா கெடக்காதீக தம்பி. பொணம் கெடக்கிற மாதிரி இருக்கு. என்னமாச்சும் பேசுங்க."

மூன்றாம் நாள் அவன் பேசினான். வானத்தைப் பார்த்தபடி, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. தினமும் ஒரு கனவு வருகிறதாம். விமானம் இல்லாமலே காலனிக்கு மேல் பறக்கிறானாம். மேலேயிருந்து விழுவதையெல்லாம் சட்டையை விரித்துப் பிடிக்கிறானாம். சட்டை நிறைந்துவிடுகிறது. என்ன என்று பார்த்தால் எல்லாம் நனைந்த வேப்பிலை. குரல் தண்ணீரில் பட்டு மேலே வந்தது. ஆவுடை கேட்டுக்கொண்டே நின்றாள். கேட்கக் கேட்க அவன் வரைந்து வைத்த ஆளாக இல்லாமல், பேசுகிற, மூச்சு விடுகிற ஒருவனானான். இவன் மேல் விழ என்னால் முடியாது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அது தெரிந்ததும் பயம் விட்டது. அவனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே அவனிடமிருந்து எட்டடி தள்ளியிருந்த தண்ணீரைத் தேர்ந்தெடுத்தாள். குதித்தாள்.

"எழுபத்தாறு!" என்று கிளமெண்ட் சத்தம் போட்டான்.

திரும்பப் பழக்கிய முதல் பெட்டி அந்த வாரக் கடைசியிலேயே வேலை செய்தது. எதிரி விமானம் ஒன்று மறுபடி ஊருக்கு மேல் வந்தபோது ஏவுகணை இறக்கையை விட்டுப் போனது. ஆனால் உடனே அடிக்கவில்லை. விமானத்தின் பின்னாலேயே நிழல் மாதிரி போய், கடைசி வீட்டையும் தாண்டியபிறகு பருத்திக் காட்டுக்கு மேலே வைத்து அடித்தது. கீழே யாருக்கும் ஒன்றுமில்லை.

"பரஞ்சோதியை விட்டு விலகி விழுந்தீங்கல்ல, அதையும் கத்துக்கிச்சு அக்கா" என்றான் கிளமெண்ட். அவன் கண் கலங்கியிருந்தது. ஆவுடைக்கு அந்த விமானத்தில் இருந்தவனைப் பற்றிக் கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்கவில்லை.

பறக்காத நேரமெல்லாம் பரஞ்சோதி தண்ணீரில் கிடந்தான். பெட்டிக்கு ஐந்து தடவை. இருவருக்கும் தோல் வெளுத்து, விரல் நுனிகள் சுருங்கிப்போயின. ஆனி மாதம் பிறந்ததும் மேற்கேயிருந்து காற்று கிளம்பியது. கடைசிப் பெட்டியின் எண் பத்தொன்பது. அதன் கடைசித் தடவை அன்று மதியம்.

ஆவுடை பார்த்தாள், தண்ணீரைத் தேர்ந்தெடுத்தாள், கால் மேடையை விட்டது. அதே கணத்தில் காற்று ஒரு வீச்சு வீசியது. தண்ணீர் சிலிர்த்தது. பரஞ்சோதி கண்ணில் நீர் தெறித்ததில் தலையைத் திருப்பி ஒரு கை போட்டு நகர்ந்தான். அவள் தேர்ந்தெடுத்திருந்த தண்ணீருக்குள் வந்துவிட்டான். ஒன்றரை விநாடியில் பாதிக்கு மேல் மீதி இருந்தது. உடம்பைத் திருப்ப முடிந்த மட்டும் திருப்பினாள். போதவில்லை.

தண்ணீருக்குள் எதுவோ முறிவது அவள் தோள் வழியாகக் கேட்டது. கண்ணைத் திறந்தாள். அவன் வாயிலிருந்து குமிழிகள் வந்தன. மெல்லக் கீழே போய்க்கொண்டிருந்தான். பிடித்தாள். தலையைத் தூக்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "தம்பி, தம்பி, என்னையப் பாருங்க, ஒண்ணுமில்ல, கரைக்குப் போயிரலாம், பாருங்க" என்று சொல்லிக்கொண்டே நீந்தினாள். அன்றைக்குக் கரை அவ்வளவு தூரத்தில் இருந்தது. படியில் அவனைக் கிடத்திய பிறகும் மருத்துவ வண்டி வரும் வரைக்கும் அவன் கையை விடவில்லை. முதுகில் பத்தொன்பதாம் பெட்டி இருப்பது யாருக்கும் நினைவில்லை. மாடசாமிதான் கடைசியில் பார்த்து அவிழ்த்தார்.

தோள் எலும்பும் மூன்று விலா எலும்புகளும் முறிந்திருந்தன. மதுரையில் ராணுவ மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஆறு மாதம் பறக்க முடியாது, உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆவுடை ஆரஞ்சுப் பழங்களோடு அவனைப் பார்க்கப் போனாள். மருத்துவமனை கேன்டீனின் புங்க மரத்தடியில் கிளமெண்ட் ஒரு படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

"உட்காருங்க அக்கா. உங்ககிட்ட சொல்லாம இதை எழுத முடியல" என்றான். "பத்தொன்பதைத் தனியா எடுத்து வெச்சிருந்தேன். அதுக்குள்ள என்ன போயிருக்குமோன்னு பயம். முந்தாநாள் வேற பெட்டி ஒண்ணும் மிச்சமில்ல. இதை எடுத்து மாட்டிட்டாங்க."

"அது என்ன செஞ்சுது?"

"போச்சு. விமானத்தை நல்லாத் துரத்திப் பிடிச்சுது. ஆனா வெடிக்கல. வால் பக்கமா உரசிட்டு விலகிருச்சு. அந்த விமானி பாராசூட்ல குதிச்சிட்டான். அதுக்கப்புறம்..." அவன் ஆறிய டீயைக் குடித்தான். "அதுக்கப்புறம் அவன் கூடவே இறங்கியிருக்குக்கா. அவனைச் சுத்திச் சுத்தி, எரிபொருள் தீர்ற வரைக்கும். ரெண்டும் கடல்ல பக்கத்துப் பக்கத்துல விழுந்திருக்கு. வெறும் கூடாயிட்டதால அது மிதந்திருக்கு. அவன் அதைப் பிடிச்சுக்கிட்டே மூணு மணி நேரம் கெடந்திருக்கான். மீனவங்க போட்ல ஏத்தினப்பவும் அதை விடமாட்டேன்னிருக்கான். இங்கதான், மூணாவது மாடியில இருக்கான். இருபத்து நாலு வயசு. அது என்னைக் கரைக்குக் கூட்டிட்டுப் போகப் பாத்துச்சுன்னு மொழிபெயர்ப்பாளர்கிட்ட சொல்லிட்டே இருக்கானாம்."

ஆவுடை ஆரஞ்சுப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மரத்திலிருந்து ஒரு பூ படிவத்தின் மேல் விழுந்தது. இருவரும் அதை எடுக்கவில்லை.

"மத்த பெட்டிக்கெல்லாம் விழத்தான் தெரியும்" என்றான் கிளமெண்ட். "இடிச்சா அதுக்கப்புறம் என்ன இருக்குன்னு தெரியாது. இது ஒண்ணுக்குத்தான் தெரியும்."

"அதை எழுதத்தானே இது?"

"காரணம் கேட்டிருக்காங்க. மேலதிகாரிங்களுக்கு ரொம்ப சந்தோஷம். உயிரோட ஒரு விமானி கெடைச்சது இதுதான் முதல் தடவை. அவன் நிறைய சொல்றானாம். அடுத்த வாரம் இன்னும் இருபது பெட்டி வருது. எல்லாத்தையும் இதே மாதிரி பழக்க முடியுமான்னு கேக்குறாங்க."

"எப்படிப் பழக்குவீக?"

அவன் டீ டம்ளரைத் தள்ளி வைத்தான்.

"பெட்டிக்கு ஒரு ஆளை நான் இடிக்கணும்" என்றாள் ஆவுடை.

"தெரிஞ்சு இடிச்சா ஆகாது. நாடியே காட்டிக்குடுத்துரும். நீங்க எதிர்பாக்காம நடக்கணும். தண்ணிக்கு அடியில யாரையாவது மறைச்சு வெக்கலாமான்னு போன்ல ஒருத்தர் கேட்டாரு." அவன் பேனாவின் மூடியைத் திறந்து மூடினான். "கெட்டவர் இல்லக்கா. ரெண்டு பக்கமும் நிறையப் பேரு பிழைப்பாங்கன்னு நெஜமாவே நம்புறாரு. எனக்கும் ஒரு கணம் அப்படித் தோணுச்சு."

ஆவுடைக்கும் தோன்றியது. மூன்றாவது மாடியின் ஜன்னல்களைப் பார்த்தாள். எல்லாம் சாத்தியிருந்தன. தோள் வழியாகக் கேட்ட அந்தச் சத்தத்தை இருபது முறை நினைத்துப் பார்க்க முயன்றாள். மூன்றுக்கு மேல் முடியவில்லை.

"பழுதுன்னு எழுதுங்க தம்பி" என்றாள்.

"பழுதா?"

"வெடிக்காதது பழுதுதானே? பழுதுன்னா யாரும் இன்னொண்ணு கேக்க மாட்டாக."

"நான் இத்தனை வருஷத்துல பாத்ததுலேயே இதுதான்... இதைப் போய்ப் பழுதுன்னு எப்படிக்கா எழுதுறது?"

"நீங்களும் நானும் தெரிஞ்சிருந்தாப் போதும்."

பூவைத் தள்ளிவிட்டு எழுதினான். அவள் படிவத்தை வாங்கிப் படித்தாள். "பயிற்சிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னும் சேத்துக்கங்க" என்றாள். சேர்த்தான். பயிற்சி கொடுத்தவர் என்ற இடத்தில் ஆவுடை கையெழுத்துப் போட்டாள்.

பார்வையாளர் நேரம் தொடங்குவதற்கான மணி அடித்தது. முதல் மாடியில் பரஞ்சோதி தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தோளும் நெஞ்சும் கட்டுக்குள் இருந்தன. அவளைப் பார்த்ததும் நல்ல கையைத் தூக்கினான்.

"கிளமெண்ட் சார் காலையிலருந்து கீழ உக்காந்திருக்காருன்னு நர்ஸ் சொன்னாங்க. என்னக்கா விஷயம்?"

"ஏதோ ஒரு பெட்டி பழுதாம்" என்றாள் ஆவுடை. நாற்காலியை அவன் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தாள்.